கராவோக்கே உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை!



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பாடநூல் என்றே இங்கு எழுதிப் பழகியவள் இன்று கடற்கரை வாடகை வீட்டைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இருக்கட்டும். பள்ளி விடுமுறை நெருங்குகிறது. நம் குடும்பங்கள் பலவும் இந்நேரம் கைப்பேசியில் வீடு தேடிக்கொண்டிருக்கும். நம்மவர் சிலர் வீட்டை வாடகைக்கு விடவும் ஆயத்தமாகிக்கொண்டிருப்பர். இரு சாராருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சற்றுச் சினத்தோடுதான் சொல்லப் போகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு என் முன்னாள் மாணவர் ஒருவர் அழைத்தார். இன்று அவரும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தெலுக் ஆயர் தாவார் பக்கம் கடலோரத்தில் ஒரு தரைவீட்டை எடுத்திருக்கிறாராம். குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாராம்.

"டீச்சர், வாசல்ல தமிழ்ல ஒரு நல்வரவுப் பலகை வைக்கணும். நீங்கதான் நல்ல வாசகமா எழுதித் தரணும்" என்றார்.

மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். மாக் மண்டினிலிருந்து தொலைவும் இல்லை. சனிக்கிழமை காலையில் போனேன். நல்ல வீடு, காற்று தாராளமாக வருகிறது. அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கூடத்தில் ஆளுயர ஒலிபெருக்கிகளோடு கராவோக்கே. ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் என்றார். சுவரில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒளிரும் எழுத்துகள், படம் எடுத்துக்கொள்வதற்காக. முற்றத்தில் காற்றடைத்த நீச்சல் குளம், இறைச்சி வாட்டும் அடுப்பு, ஊஞ்சல். எல்லாம் கண்ணைப் பறித்தன.

"பின்கதவு எங்கே போகிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"நேரா பீச்சுக்கு, டீச்சர்! அதுதானே இந்த வீட்டுக்கே ஸ்பெஷல்!"

இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு. தாழ்ப்பாள் என் இடுப்புக்கும் கீழே. நான்கு வயதுப் பிள்ளை ஒற்றை விரலால் தள்ளிவிடும். கதவைத் தாண்டினால் இருபது அடி புல், அப்புறம் மணல், அப்புறம் கடல். வேலி இல்லை.

அந்தக் கதவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு டிசம்பர் விடுமுறையில், தீவின் வடகரையில் ஒரு வீட்டில் நாங்கள் பதினொரு பேர் இரண்டு இரவு தங்கினோம். என் பெற்றோர், தங்கை குடும்பம், எங்கள் குடும்பம். முதல் நாள் இரவு பிள்ளைகள் உறங்கவே நள்ளிரவு ஆயிற்று. பெரியவர்களும் அயர்ந்து தூங்கிவிட்டோம். அப்பா மட்டும் வழக்கம்போல் ஐந்தரை மணிக்கே எழுந்திருக்கிறார். கூடத்தில் குளிர்காற்று வீச, பின்கதவு ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குத் திறந்திருப்பதைக் கண்டிருக்கிறார். வெளியே ஓடியவர், தங்கையின் மூன்று வயது மகனைக் கணுக்கால் அளவு நீரில் நின்றுகொண்டிருந்த நிலையில் தூக்கிவந்தார். பையன் அழவில்லை. முதல் நாள் மணலில் விட்டுவிட்டு வந்த வாளியைத் தேடிப் போனானாம்! அந்த நேரத்தில் எங்கள் நாட்டில் விடியலின் சுவடே இருக்காது. கும்மிருட்டு.

அப்பா இன்றுவரை அதைப் பற்றி இரண்டு வாக்கியத்திற்கு மேல் பேசியதில்லை.

வீட்டு உரிமையாளருக்கு நான் செய்தி அனுப்பினேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு தாழ்ப்பாளை உயரத்தில் பொருத்துங்கள் என்று மட்டுமே கேட்டேன். வந்த மறுமொழி: "பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு."

இந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் என் வழக்கு.

பொறுப்பு பெற்றோருடையதுதான். யார் மறுத்தார்கள்? பள்ளியில் முப்பது பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்புதான். அதற்காகப் பள்ளிக்கு வாயிற்கதவு வேண்டாம் என்று சொல்கிறோமா? கண்காணிப்பு சறுக்கும் நேரத்திற்காகத்தான் கதவு. மனிதக் கண் உறங்கும்; தாழ்ப்பாள் உறங்காது. அதிலும் சொந்த வீட்டில் எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தப் படியில் கால் இடறும் என்று தாய்க்குத் தெரியும். அயல் வீட்டில் முதல் இரவு எவருக்கும் எதுவும் தெரியாது. அந்த வீட்டை அறிந்தவர் ஒருவர்தான், அதன் உரிமையாளர். அவரோ கதவோரப் பெட்டியில் சாவியையும் கைப்பேசியில் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு எங்கோ இருக்கிறார்.

'ஹோம்ஸ்டே' என்ற சொல்லை நாம் எப்படிக் கெடுத்துவிட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் ஹோம்ஸ்டே திட்டம் 1995ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் தெமெர்லோவில், டேசா மூர்னி கிராமத்தில் அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது. விருந்தினர் ஒரு குடும்பத்தோடு தங்குவது, அவர்களோடு உண்பது, அவர்களின் வாழ்வைப் பார்ப்பது என்பதே அதன் பொருள். வீட்டுக்கார அம்மாள் அங்கேயே இருப்பார். "இந்தப் பக்கம் ஆழம், பிள்ளைகளை விடாதீர்கள்" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். இன்று நாம் ஹோம்ஸ்டே என்று சொல்வது வீட்டுக்காரர் இல்லாத வெற்று வீட்டை. விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் பாடம் நடத்துபவள் நான். விருந்தோம்புபவரே இல்லாத வீட்டிற்கு நல்வரவுப் பலகை எழுதுவது எனக்குக் கூசுகிறது. வீட்டுக்காரர் இருக்க மாட்டார் என்றால், அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த வீடு சொல்ல வேண்டும். அவர் தடுக்க வேண்டியதையெல்லாம் அந்த வீடு தடுக்க வேண்டும். தளவாடம் போடுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்.

அந்தக் கதவிலிருந்தே தொடங்குகிறேன். கடலை நோக்கிய ஒவ்வொரு கதவுக்கும் பெரியவரின் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள்: அது சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் திருடனுக்குப் பயந்து இரும்புக் கிராதிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ வைத்துவிடுகிறோம். தீப்பற்றினால் அந்தக் கிராதியே சிறை. புதிதாக வந்து தங்கும் குடும்பம் இருட்டிலும் புகையிலும் சாவியை எங்கே தேடும்? பிள்ளைக்கு எட்டாத, பெரியவர் கைபட்டதும் திறக்கிற தாழ்ப்பாள்! சில பத்து ரிங்கிட்டுக்குள் முடிகிற வேலை. ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் கராவோக்கேயோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாடி வீடு என்றால் பலகணி ஓரத்தில் நாற்காலியோ மேசையோ வேண்டாம். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், நாற்காலி அதைப் பிள்ளையின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது அந்தக் காற்றடைத்த குளம். "முழங்கால் அளவுதானே, டீச்சர்" என்றார் என் மாணவர். தம்பி, மூக்கும் வாயும் மூழ்கும் அளவு நீர் போதும் ஒரு சிறு பிள்ளைக்கு. நீரில் மூழ்கும் பிள்ளை திரைப்படத்தில் வருவதுபோல் கையை அசைத்துக் கத்துவதில்லை. பெரும்பாலும் ஓசையே இல்லாமல் முடிந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. கடல் இருபது அடியில் இருக்கும்போது முற்றத்தில் இன்னொரு நீர்நிலையை ஏன் உண்டாக்க வேண்டும்? வைத்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு மாலையும் நீரை இறைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். யார் கவிழ்ப்பது? அங்கேதான் ஆள் இல்லையே!

கவிழ்க்காமல் விட்டால் இன்னொரு கேடும் வரும். வாரம் முழுதும் காலியாகக் கிடக்கும் வீட்டைப் போல் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடம் வேறில்லை. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு, பயன்படாத கழிப்பறைத் தொட்டி, அந்தக் குளத்தின் மடிப்பு... ஞாயிறன்று ஒரு குடும்பம் போய் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு குடும்பம் வரும்போது, வரவேற்கக் கொசுக்கள் காத்திருக்கும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டம் விதிக்கப்படலாம் என்பது உரிமையாளரின் கவலை. அந்தப் பிள்ளை டிங்கியோடு வீடு திரும்புவது என் கவலை.

குளியலறைக்கு வருவோம். கடலிலிருந்து ஈரக்காலோடு ஓடிவரும் பிள்ளைகள் நேரே நிற்பது நீர்சூடேற்றியின் கீழ். கடலோர உப்புக்காற்று இரும்பை மட்டுமா அரிக்கிறது? மின்கம்பி இணைப்புகளையும், நிலத்தொடர்பையும் அரிக்கிறது. இ.எல்.சி.பி. என்று நாம் வழங்கும் கசிவு மின்துண்டிப்பான் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். ஆனால் வீடு முழுமைக்குமான பொதுத் துண்டிப்பான் குளியலறைக்குப் போதாது. நீர்சூடேற்றிச் சுற்றுக்கென்று 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் கருவி உயிரோடு இருக்கிறது. "எப்போது கடைசியாக அழுத்தினாய்?" என்று என் மாணவரைக் கேட்டேன். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது என்றார். உண்மையைச் சொன்னால், என் வீட்டிலும் நான் அழுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று மாலையே அழுத்திப் பார்த்தேன்.

கடலைப் பற்றி வீடு சொல்ல வேண்டியவை தனி. பினாங்குக் கடலில் சொறிமீன் எனப்படும் ஜெல்லி மீன்கள் உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியும். கொடிய நஞ்சுடைய பெட்டி ஜெல்லி மீன்களும் நம் கடலில் உண்டு. முக்கா ஹெட் முனையில் உள்ள யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் அவற்றை ஆராய்ந்து வருகிறது. பெட்டி ஜெல்லி மீன் பட்டுவிட்டால் செய்ய வேண்டியது என்ன? நம் வீட்டுப் பெரியவர்கள் மணலால் தேய்ப்பார்கள்; நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டும் தவறு. வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கும் நச்சணுக்களை அவை தூண்டிவிடும். வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதியாமல் 999. மளிகைக் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு புட்டி வினிகர்! எத்தனை கடற்கரை வீடுகளின் முதலுதவிப் பெட்டியில் அது இருக்கிறது? அதற்கு முன், எத்தனை வீடுகளில் முதலுதவிப் பெட்டியே இருக்கிறது?

2004 டிசம்பர் 26ஆம் நாளை இந்தக் கரையில் வாழ்பவர் மறக்க இயலாது. ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் ஆழிப்பேரலை வந்தது. நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில். பாசிர் பாஞ்சாங்கில் உணவு கட்டிக்கொண்டு மகிழ்ந்திருக்க வந்த குடும்பங்களை அலை கொண்டுபோயிற்று. நமக்கு வடக்கே, மூடா ஆற்றைக் கடந்தால் வரும் கோத்தா குவாலா மூடாவிலும் வீடுகள் அழிந்தன. அதன் பிறகுதான் எச்சரிக்கைச் சங்குகள் கடலோரங்களில் நிறுவப்பட்டன. ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ வந்து தங்கும் குடும்பத்திற்கு அந்தச் சங்கின் பொருள் தெரியுமா? கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்கப் போகாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று அந்த வீட்டில் எங்காவது எழுதியிருக்கிறதா? கராவோக்கே பாடல் பட்டியல் மட்டும் சுவரில் அழகாக ஒட்டியிருக்கிறது.

இனி அடுக்களை. இங்கே என் சினம் வேறு வகையானது. "கடுமையான சமையல் கூடாது" என்று ஒரு விதியைப் பல வாடகை வீடுகளில் காண்கிறேன். பச்சையாகச் சொன்னால், கறி சமைக்காதே என்று பொருள். அதை நம்மவரே எழுதி வைக்கும்போது என்ன சொல்வது! பன்னிரண்டு பேர் தங்கலாம் என்று விளம்பரம். அடுக்களையில் நான்கு பேருக்கு மீ கோரேங் வதக்கும் அளவில் ஒரு வாணலி. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் சோற்றுப் பானை, ஆழமான குழம்புச் சட்டி, வெட்டும் கத்தி, தேங்காய்த் துருவி, பெரிய வடிதட்டு. இவை குடும்ப வீட்டின் அடிப்படைத் தேவைகள். தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கு வரும் குடும்பங்கள் பல இப்படிப்பட்ட வீடுகளில்தான் தங்குகின்றன. விரதத்தில் இருப்பவர்கள் முந்தின வாரம் யாரோ இறைச்சி வேகவைத்த சட்டியில் எப்படிப் பால் காய்ச்சுவார்கள்? சைவத்திற்கென்று அடையாளமிட்ட ஒரு பானை, ஒரு கரண்டி, ஒரு கத்தி தனியே வைத்தால் போதுமே. எரிவாயுத் தோங்கும் குழாயும் பழையனவா என்று பார்ப்பதும், அடுப்புக்கு எட்டும் தொலைவில் ஒரு தீயணைப்பான் தொங்குவதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

பாட்டி தாத்தாவைப் பற்றி எவரும் எண்ணுவதே இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கை, உட்காரும் கழிப்பறை, சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு. என் அம்மா அந்த வடகரை வீட்டில் இரண்டு நாளும் குளியலறைக்குப் போகவே அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். குறுகியகால வாடகை பற்றி நம் நாட்டில் நடந்த வழக்குகள் பெரும்பாலும் அண்டை வீட்டாரின் தொல்லையைப் பற்றியவை. 2020இல் கூட்டரசு நீதிமன்றம், அடுக்குமாடி நிர்வாகக் கழகங்கள் அதைத் தடுக்கத் துணைவிதி இயற்றலாம் என்று தீர்ப்பளித்தது. 2023இல் பினாங்கு மாநில அரசு தீவில் குடியிருப்பு அடுக்குமாடிகளில் அதற்குத் தடை விதிக்கும் வழிகாட்டிகளைக் கொண்டுவந்தது. இரைச்சல், மின்தூக்கி, குப்பை என்று பேசினார்கள், பேச வேண்டியதுதான். அந்த வீட்டுக்குள் உறங்கும் பிள்ளையைப் பற்றி அந்த விவாதங்களில் நான் கேட்டது மிகக் குறைவு.

உரிமையாளர்களை மட்டும் வைதுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் மாணவர் கேட்டார்: "டீச்சர், வீடு கேட்டு எனக்கு நாப்பது பேர் செய்தி போட்டாங்க. கராவோக்கே இருக்கா, பார்பெக்யூ இருக்கா, வைஃபை இருக்கான்னு கேட்டாங்க. பூட்டு எங்க இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?" எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் நான் மட்டும் கேட்டேனா? இல்லை. கடல் தெரியுமா என்றுதான் கேட்டேன். நாம் கேட்பதைத்தான் அவர்கள் வாங்கி வைக்கிறார்கள். கருத்துப் பெட்டியில் ஐந்து விண்மீன் போட்டு 'அருமையான இடம்' என்று எழுதுகிறோமே தவிர, 'பின்கதவுக்கு உயரத் தாழ்ப்பாள் இல்லை' என்று அடுத்த குடும்பத்திற்காக ஒரு வரி எழுதுகிறோமா? ஆசிரியர்களே, குடும்ப தினம், முகாம் என்று நாமும் இத்தகைய வீடுகளை எடுக்கிறோம். முன்பணம் கட்டும் முன் ஒருவர் நேரில் போய்ப் பாருங்கள். கதவையும் குளியலறையையும் ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரின் வீடு நமக்கு வேண்டாம்.

அந்த நல்வரவுப் பலகைக்கு வருகிறேன். வாசகம் எழுத உட்கார்ந்தேன். 'நல்வரவு' என்ற சொல்லுக்கு மேல் கை ஓடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தாள் எழுதினேன். தமிழிலும் மலாயிலும். கடல் ஏற்றமும் வற்றமும் ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒருமுறை மாறும், வற்றும்போது சேற்றில் கால் புதையும், சொறிமீன் பட்டால் என்ன செய்வது, சங்கு ஒலித்தால் எந்தச் சாலை வழியாக எங்கே போவது, மின்துண்டிப்பான் எங்கே, தீயணைப்பான் எங்கே, அருகில் உள்ள பெரிய மருத்துவமனை செபராங் ஜெயாவில், 999இல் அழைத்தால் சொல்ல வேண்டிய இந்த வீட்டின் முழு முகவரி. கடைசி வரி: 'உறங்கப் போகுமுன் பின்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடுங்கள்.' பெரிய எழுத்தில், கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். தாளின் ஓரத்தில் ஆசிரியர் புத்தி போகாமல் இன்னொன்றும் குறித்தேன்: மழை நாளுக்கு ஒரு தாயக்கட்டம், ஒரு பல்லாங்குழி, பத்துத் தமிழ்க் கதைநூல்கள். நூல்களை நானே தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை அழைத்தார். தாழ்ப்பாள்கள் பொருத்தியாயிற்று. மின்பணியாளர் வந்து பார்த்துவிட்டு, நீர்சூடேற்றிக்குத் தனித் துண்டிப்பான் இல்லை என்று சொல்லி மாற்றியிருக்கிறார். குளத்தைத் தம் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாராம். கராவோக்கே மட்டும் இருக்கும். அதில் அவர் உறுதியாக இருக்கிறார். ஒரு ஐயமும் கேட்டார்.

"டீச்சர், முதலுதவிப் பெட்டியில வினிகர் வச்சா, வர்றவங்க சமைச்சே தீர்த்துடுவாங்களே?"

இரண்டு புட்டி வாங்கச் சொன்னேன். ஒன்று அடுக்களைக்கு.